ஒரே தாளில் பத்து வெடி

அண்ணா சாலையில் இருக்கும் பி.ஆர் அண்ட் சன்ஸ் இன்றைய சென்னைக்காரர்களுக்குக் கடிகாரக் கடை. வெள்ளைக்காரர் காலத்தில் கடிகாரம், நகை, வெள்ளிச் சாமான்களோடு வேட்டைத் துப்பாக்கியும் அங்கே விற்றார்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் ஷிகார் போன கலெக்டர்களும் தோட்டத் துரைமார்களும் அன்று மவுண்ட் ரோடு எனப்பட்ட அந்தச் சாலையில் வந்து இறங்கி, எந்த ரைபிளை வாங்குவது என்று யோசித்த காலம் அது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் செய்த திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டை அடியோடு ஒழிந்தது. ஒழிந்தது நல்லது.

ஆனால் எந்த ரைபிள் என்ற கேள்வி இப்போது வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டுக்குள் விடவேண்டும். கேரளத்தில் 2022 முதலே பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு இந்த அதிகாரம் உண்டு. அங்கே உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை அழைத்துச் சுடச் சொல்கிறார்கள். ஆக, தென்னிந்தியாவில் மறுபடி மனிதன் கையில் ரைபிள், எதிரே ஒரு காட்டு விலங்கு.

நான் மயிலாப்பூர்க்காரன். எங்கள் பேட்டையில் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், குடியிருந்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாகவும் எழுத்தாகவும் நமக்கு விட்டுச் சென்றவர். அவர் எழுத்தில் வளர்ந்த எனக்கு விலங்கைச் சுடுவதில் துளியும் ஆசை கிடையாது. சுட்டே தீர வேண்டும் என்று அரசு முடிவு செய்த பிறகு, அந்தப் பன்றி ஒரே வெடியில் விழவேண்டும் என்பதுதான் என் கவலை. காயம்பட்ட பன்றி கரும்புக் கொல்லைக்குள் நுழைந்து இரண்டு நாள் கிடந்து சாவது பன்றிக்கும் கொடுமை. மறுநாள் காலையில் களை எடுக்கப் போகும் பெண்களுக்கும் ஆபத்து. ஒரே வெடியில் விழுமா விழாதா என்பது கொஞ்சம் ரைபிளின் கையில் இருக்கிறது. எவ்வளவு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

அமெரிக்காவிலோ பின்லாந்திலோ ஒருவர் கடைக்குப் போனால் கம்பெனித் தயாரிப்பான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்கள், அதாவது கைப்பிடி வைத்த எஃகு உருளையான போல்ட்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை, வரிசையாக நிற்கும். ரெமிங்டன் 700, வின்செஸ்டர் 70, சாவேஜ் 110, ருகர் அமெரிக்கன், டிக்கா டி3 என்று. இங்கே தி.நகரில் ஒருவர் வாங்க நினைத்தால் முதலில் மாநகரக் காவல் ஆணையரிடம் உரிமம் பெற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். 1980-களின் நடுவிலிருந்து தனி ஆள் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. பேர்பெற்ற போட்டி வீரர்களுக்கே அந்தச் சலுகை. மிச்சம் இருப்பது பெரும்பாலும் அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பு. அதில் நம் நாட்டில் மிகவும் பரவியது .315 ரைபிள். தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது பீரோவில் பூட்டி எடுத்துவந்த தாத்தா காலத்து ரைபிள், பல வீடுகளில் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த .315 பிறந்த கதை விஞ்ஞானத்தைவிடச் சட்டத்தோடுதான் அதிகம் சேர்ந்தது. பட்டாளத்தில் பயன்படும் அளவுத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போனால், கலகக்காரர்கள் அதைப் பட்டாளத் துப்பாக்கியிலும் போட்டுக்கொள்வார்கள் என்று ஆங்கில அரசு பயந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .303, .450 போன்ற அளவுகளை இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்தது. .303 இன்றும் தடைசெய்யப்பட்ட அளவுதான். பட்டாளத்துக்கு லீ-என்ஃபீல்டு ரைபிள் செய்துகொண்டிருந்த இயந்திரங்களோ சும்மா இருக்கவில்லை. அதே ரைபிளில் குழலையும் தோட்டா உட்காரும் அறையையும் மட்டும் மாற்றி, ஆஸ்திரியா-ஹங்கேரிப் படை 1890 வாக்கில் பயன்படுத்திய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவைப் போட்டுச் சுடும்படி செய்தார்கள். நீளத்திலும் அழுத்தத்திலும் அது .303-க்குப் பக்கத்தில் நிற்கும் தோட்டா. அதனால் பழைய போல்ட்டே போதுமானதாக இருந்தது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை பிறகு இதை விடாமல் செய்தது. ஆஸ்திரியா அந்தத் தோட்டாவை எப்போதோ கைவிட்டுவிட்டது. இந்தியாவில் அது தொடர்ந்து வாழ்கிறது.

இனி போல்ட்டுக்கு வருவோம். தோட்டாவில் நான்கு பகுதி: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடித்தால் பொறி விடும் கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. மருந்து எரியும்போது அறைக்குள் எழும் அழுத்தம் .30-06 போன்ற தோட்டாவில் 4,000 வளிமண்டல அழுத்தத்தை எட்டும். அது குண்டை முன்னால் தள்ளும் அதே வேளையில் கூட்டைப் பின்னால் போல்ட்டின் முகத்தில் தள்ளுகிறது. கூட்டின் அடிப்பாகம் ஒரு சதுர சென்டிமீட்டரை ஒட்டியது. கணக்குப் போட்டால் மூன்று முதல் நான்கு டன் வரை வருகிறது. சுடுபவரின் கன்னத்துக்கு நாலு விரல்கடை முன்னால் இது நடக்கிறது. இந்த விசையைப் பிடித்து நிறுத்துபவை போல்ட்டில் இருக்கும் புடைப்புகள். பூட்டுப்பல் என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பிடியைக் கீழே மடக்கும்போது அவை ரைபிளின் உடலான சட்டத்தின் பள்ளங்களுக்குள் சுழன்று மாட்டிக்கொள்கின்றன.

ஜெர்மனியில் பால் மவுசர் 1898-ல் கொடுத்த வடிவத்தில் முக்கியமான பல் இரண்டும் போல்ட்டின் முன்முனையில், தோட்டாவுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். அந்த மூன்று டன் விசை எழும் இடத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. பின்னால் இருக்கும் சட்டத்துக்கு அதிக வேலை இல்லை. இன்று கடையில் நிற்கும் ரைபிள்களில் பெரும்பாலானவை இந்த யோசனையின் பிள்ளைகளே. சிலவற்றில் இரண்டுக்குப் பதில் மூன்று பல். கைப்பிடியைத் தூக்கும் கோணம் 90 பாகையிலிருந்து 60, 70 ஆகக் குறைந்திருக்கும். ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் பரிசளித்த .275 ரிக்பியும் மவுசர் போல்ட் கொண்டதுதான்.

லீ-என்ஃபீல்டில் பூட்டுப்பற்கள் பின்னால் இருக்கின்றன. .315-ன் போல்ட்டை வெளியே உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். முன்தலை வழவழவென்று உருண்டையாக இருக்கும். கூட்டைப் பிடித்து இழுக்கும் ஒரு சிறு கொக்கி மட்டும் பக்கவாட்டில் இருக்கும். கைப்பிடிக்குச் சற்று முன்னால் ஒரு பக்கம் நீண்ட விலா எலும்பு மாதிரி ஒரு புடைப்பு, எதிர்ப்பக்கம் குட்டையான ஒரு பல். நெடுநாள் உழைத்த போல்ட்டில் இந்த இரண்டின் பின்விளிம்பிலும் கருப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளையாகப் பளபளக்கும். இரண்டிலும் ஒரே அளவு பளபளப்பு இருந்தால் இரண்டும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று மட்டும் பளபளத்தால் விசை முழுவதும் ஒரு பக்கமாகவே விழுகிறது. பழைய ரைபிளை வாங்குபவர் குழலுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பு பார்க்கவேண்டிய இடம் இது.

பின்னால் பூட்டுவதில் ஒரு விளைவு உண்டு. வெடிக்கும்போது பற்களுக்கு முன்னால் இருக்கும் போல்ட்டின் நீளம் முழுவதும் அழுந்துகிறது, சட்டம் இழுபடுகிறது. அது ஒரே சீராக இழுபடாததால் குழல் மேலும் கீழுமாக உதறுகிறது. பட்டாள வீரர்கள் இதில் ஒரு நன்மையைக் கண்டார்கள். குண்டு வெளியேறும் நேரத்தில் குழலின் வாய் மேல்நோக்கி எழுந்துகொண்டிருக்கும். வேகமான குண்டு சற்று முன்னதாக, வாய் தாழ்ந்திருக்கும்போதே போய்விடும். வேகம் குறைந்த குண்டு சற்றுப் பின்னால், வாய் உயர்ந்தபின் போகும். தூரம் அதிகமானால் மெதுவான குண்டு அதிகம் தாழவேண்டும்; ஆனால் அது உயர்த்திவிடப்பட்ட குண்டு. ஆகவே 600 கஜத்துக்கு மேல் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து சேர்ந்தன. ஒரு குறையை இன்னொரு குறை சரிசெய்த இந்த விந்தையால் லீ-என்ஃபீல்டு நெடுந்தூரப் போட்டிகளில் நெடுங்காலம் கோலோச்சியது. ஆனால் நூறு மீட்டரில் இந்தக் கழித்தல் நடக்காது. உதறல் மட்டும் மேலும் கீழுமான சிதறலாக மிஞ்சும். வயல்வரப்பில் நிற்பவருக்கு 600 கஜத்து நன்மையால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது குழலும் அதைத் தாங்கும் கட்டையும். சென்னையில் இருப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். குண்டு குழலுக்குள் ஓடும் ஒன்றரை மில்லிசெகண்டு நேரமும் குழல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரி அதிர்ந்தால் கவலையில்லை. வீணையின் தந்தியை ஓரிடத்தில் விரல் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் நாதமே மாறிவிடும் அல்லவா, அதுபோல் மரக்கட்டை குழலை எங்காவது தொட்டுக்கொண்டிருந்தால் அதிர்வு மாறும். நேற்றுத் தொடாத இடத்தை இன்று தொட்டால், நேற்று வைத்த குறி இன்று பிசகும்.

மரம் ஏன் நேற்றும் இன்றும் வேறாக இருக்கிறது? ஈரம்தான் காரணம். ஏசி அறையில் நெடுநாள் இருந்த மரத்தில் ஈரம் அதன் எடையில் 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அடையாற்றிலோ பெசன்ட் நகரிலோ ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்த அலமாரியில் கிடந்தால் 15 சதவீதத்துக்கு மேல் போகும். இந்த வித்தியாசத்துக்கு 40 மில்லிமீட்டர் அகலமுள்ள வால்நட் கட்டை குறுக்கே அரை மில்லிமீட்டருக்கு மேல் உப்பிவிடும். குழலின் வாயைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே 100 மீட்டரில் குண்டு 18 மில்லிமீட்டர் தள்ளிப்போய் விழும். அதனால்தான் இன்றைய கம்பெனி ரைபிள்களில் குழலைக் கட்டை தொடாதபடி இடைவெளி விட்டு, சட்டம் உட்காரும் இடத்தில் மட்டும் பிடிக்கவைக்கிறார்கள். இதைச் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். பத்து ரூபாய் நோட்டை மடிக்காமல் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து, வாய்ப்பக்கத்திலிருந்து சட்டம் வரை இழுத்துக்கொண்டே போகவேண்டும். எங்கும் மாட்டாமல் போனால் சரி. கட்டையைக் கையால் குழலோடு சேர்த்து அழுத்திக்கொண்டும் ஒருமுறை இழுக்கவேண்டும். மலிவான பிளாஸ்டிக் கட்டைகள் ஈரத்துக்கு உப்பாது, ஆனால் வளையும். மணல்மூட்டையில் சாய்த்தவுடன் குழலைப் போய்த் தொடும் பிளாஸ்டிக்கைவிட நன்றாக எண்ணெய் குடித்த மரம் மேல். ஒட்டுப்பலகை போல் அடுக்கி ஒட்டிய மரக்கட்டை எடை கூடுதலானாலும் நம் கடற்கரைக்கு மிகவும் ஏற்றது.

துருவைப் பற்றியும் சொல்லவேண்டும். உப்புக்காற்று ஒருபுறம். பழைய பட்டாளத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலில் படியும் பொட்டாசியம் குளோரைடு நம் சாப்பாட்டு உப்புக்கு நெருங்கிய உறவு; காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கியவர்களின் குழல்கள் ஒரு மழைக்காலத்தில் பாழாகியிருக்கின்றன. கொதிநீர் ஊற்றிக் கழுவி, சூடு ஆறுவதற்குள் உலர்த்தி, அதற்குப் பிறகே எண்ணெய். அந்தக் காலச் சிப்பாய்கள் செய்த வேலை இது. பழைய தோட்டா கிடைத்தால் இன்றும் இதுதான் வழி.

விலை அதிகமானால் குறி நன்றாக இருக்குமா? ஒரு காலத்தில் இருந்தது. தேர்ந்த கைவினைஞர் குழலையும் போல்ட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அரத்தால் ராவி ராவிச் செய்தார். அந்த உழைப்புக்குத்தான் விலை. இரண்டு மாற்றங்கள் அதைக் கலைத்தன. ஒன்று, 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான சுத்தியடிக் குழல். குழலின் உட்புறச் சுருள் வரிகளின் எதிர்வடிவத்தைச் செதுக்கிய கடினமான ஒரு கம்பியை எஃகுக் குழாய்க்குள் நிறுத்தி, நாலாபக்கமும் இயந்திரச் சுத்தியால் அடித்தால், சில நிமிடங்களில் வரிகளோடு குழல் தயார். இரண்டாவது, 1958-ல் வந்த சாவேஜ் 110-ல் நிக்கோலஸ் புரூவர் வைத்த ஒரு மரை. குழலைச் சட்டத்துக்குள் திருகி, தோட்டா சரியாக உட்காரும் ஆழத்தை அளவுகோல் வைத்துப் பார்த்து, மரையை இறுக்கிவிட்டால் முடிந்தது, ராவவேண்டியதே இல்லை. பின்னர் கணினிக் கடைசல் இயந்திரங்கள் வந்தன. 2003-ல் பின்லாந்திலிருந்து வந்த டிக்கா டி3, 2011-ல் அறிமுகமான ருகர் அமெரிக்கன் போன்ற நடுத்தர, மலிவு விலை ரைபிள்கள் இன்று குறியில் பழைய விலையுயர்ந்தவற்றுக்கு இளைத்தவை அல்ல. கூடுதல் பணம் கொடுப்பவர் அழகான மரத்துக்கும் வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட்டுக்கும் கொடுக்கிறார். அவை வேண்டும் என்பவர் வாங்கட்டும். குண்டு அதனால் நேராகப் போவதில்லை.

சரி, எது நன்றாகச் சுடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உலகம் முழுவதும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மூன்று குண்டு சுட்டு, தாளில் விழுந்த ஓட்டைகளில் மிகவும் விலகிய இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளந்து, ‘என் ரைபிள் ஒரு நிமிடக் கோணம்’ என்கிறார்கள். நிமிடக் கோணம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். கம்பெனிக்காரர்களும் மூன்று வெடிக்கு ஒரு நிமிடம் என்று உத்தரவாதம் தருகிறார்கள்.

மூன்று வெடி என்ன சொல்லும்? ஒரு ரைபிள், ஒரே வகைத் தோட்டா, ஒரே ஆள். மூன்று மூன்றாகப் பலமுறை சுட்டு அளந்ததில் சராசரி 24 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே ரைபிளில் ஐந்து ஐந்தாகச் சுட்டால் சராசரி 31 ஆகும். பத்துப் பத்தாகச் சுட்டால் 38. ரைபிள் கெட்டுப்போகவில்லை. அதிக வெடி சுடச்சுட, அபூர்வமாக விலகும் குண்டும் கணக்கில் வந்துசேர்கிறது, அவ்வளவுதான். இந்த விகிதம் புள்ளியியலில் வருவது. எந்த ரைபிளுக்கும் பொருந்தும். அதைவிடப் பெரிய சங்கதி, மூன்று வெடிக் கூட்டம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு மாறுகிறது என்பது. சராசரி 24 என்றால், மூன்று முறையில் இரண்டு முறை 15-க்கும் 33-க்கும் நடுவில் எங்காவது விழும். மிச்ச ஒரு முறை அதற்கும் வெளியே. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு ரைபிளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் மூன்று வெடி சுட்டுப் பாருங்கள். ஒன்று 16 காட்டும், இன்னொன்று 30 காட்டும். முதலாவதை வாங்கிக்கொண்டு இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். ஐந்து முறை சுட்டு அதில் ‘நல்ல’ தாளை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்பவர் வைத்திருப்பது, பெரும்பாலும் உண்மையான சராசரியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறுத்த ஒரு தாள்.

பத்து வெடி, ஒரே தாள், ஒன்றையும் கழிக்காமல். அப்போது முறைக்கு முறை வரும் மாற்றம் பாதியாகக் குறைகிறது, இரண்டு ரைபிளுக்கு நடுவில் உண்மையான வித்தியாசம் இருந்தால் தெரிய ஆரம்பிக்கிறது. பத்து ஓட்டைகளின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு ஓட்டையும் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுத்தால் இன்னும் நல்லது. மிகவும் விலகிய இரண்டை மட்டும் அளக்கும் முறையில் மற்ற எட்டுக் குண்டின் செய்தியும் வீணாகிறது.

பிதாகரஸ் சொன்னது இங்கே கை கொடுக்கிறது. ரைபிளால் வரும் சிதறலும் ஆளால் வரும் சிதறலும் சேரும்போது அப்படியே கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் மாதிரி சேர்ந்து கர்ணமாகின்றன. வயலில் நின்றோ மண்டியிட்டோ சுடுபவரின் சிதறல் 12 என்றும் ரைபிளின் சிதறல் 5 என்றும் வைத்தால் மொத்தம் 13. இப்போது நிறையப் பணம் கொடுத்து, சிதறல் பாதியாகக் குறைந்த 2.5 ரைபிளை வாங்குகிறோம். மொத்தம் 12.3-க்கு இறங்குகிறது. ஆறு சதவீதம் கூட இல்லை. அந்தப் பணத்தில் புது ரைபிள் வாங்காமல், பழைய ரைபிளோடு பழகிப் பழகி ஆளின் சிதறலை 6 ஆக்கினால்? மொத்தம் 7.8. நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. இதை எண்களில் பார்த்த பிறகு கடையில் எந்தப் பெயர் பொறித்த ரைபிளைத் தூக்குவது என்ற பரபரப்பு அடங்கிவிடும். பன்றியின் நெஞ்சும் நுரையீரலும் இருக்கும் இடத்தை 15 சென்டிமீட்டர் வட்டம் என்று வைத்துக்கொண்டால், பத்து வெடிக்கு 38 மில்லிமீட்டர் காட்டும் ரைபிளும் 76 காட்டும் ரைபிளும் 100 மீட்டரில் அதற்குள்தான் போடும். வெளியே போடுவது பெரும்பாலும் கை.

கையைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி விசை, அதாவது விரலால் இழுக்கும் டிரிக்கர். ரைபிளின் எடை மூன்றரைக் கிலோ. விசையை இழுக்க மூன்று கிலோ அழுத்தம் கேட்டால், குண்டு போகும் கணத்தில் ஆள் ரைபிளையே இழுத்துவிடுகிறார். பட்டாள வழியில் வந்த .315-ல் விசை இரண்டு கட்டமாக இறங்கும். முதல் கட்டம் இலகு, இரண்டாவது கட்டம் கெட்டி. பழகினால் கெட்டதல்ல. புதியவற்றில் ஒன்றரைக் கிலோவுக்குள் முறித்துவிடலாம். ஆனால் இலகுவாக்குவதிலும் எல்லை உண்டு. ரெமிங்டன் 700-ல் ஒரு வகை விசையை, தொடாமலே வெடிக்கும் ஆபத்து இருக்கிறது என்று 2014-ல் கம்பெனியே திரும்ப அழைத்துக்கொண்டது. விசை எப்படி முறிகிறது என்பதோடு, போல்ட்டை வேகமாக அறைந்து மூடினால் தானாக முறிகிறதா என்பதையும் காலி அறையோடு பார்த்துவிடவேண்டும்.

கூட்டைப் பிடிக்கும் கொக்கியிலும் வகை உண்டு. வின்செஸ்டர் 70 ரைபிளில் தோட்டாவை மேலே வந்தவுடனே பிடித்துக்கொள்ளும் மவுசர் கொக்கியை 1964-ல் மலிவுக்காக எடுத்துவிட்டார்கள், வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள், 1990-களில் அது திரும்பி வந்தது. யானைக்கும் சிங்கத்துக்கும் எதிரே நிற்பவருக்கு அந்தக் கொக்கி உயிர். பன்றிக்கு அவ்வளவு வேண்டியதில்லை. போல்ட்டை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் காலிக் கூடு வெளியே விழவேண்டும், அது போதும்.

தோட்டாவைப் பற்றி இரண்டு விஷயம். .315-ன் குண்டு ஏறக்குறைய 16 கிராம், மொண்ணை மூக்கு, வேகம் வினாடிக்கு 600 மீட்டருக்குச் சற்று மேல். .30-06-ன் குண்டு 12 கிராமை ஒட்டியது, வேகம் 800-க்கு மேல். இரண்டையும் 100 மீட்டரில் குறி சரிசெய்து வைத்துக்கொண்டு 200 மீட்டரில் சுட்டால், .30-06 அரைச் சாண் தாழும்; .315 ஒன்றரைச் சாண் தாழும். கார்த்திகை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் தூரம் கணிக்கும் ஒருவருக்கு ஒன்றரைச் சாண் என்பது பன்றியின் நெஞ்சுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே .315 கையில் இருப்பவர் நூறு மீட்டரைத் தாண்டிச் சுடக்கூடாது. அந்த எல்லைக்குள் அது எந்த வெளிநாட்டு ரைபிளுக்கும் குறைந்ததல்ல.

இன்னொன்று, பட்டாளத் தோட்டா. முழுதும் உறை போட்ட அந்தக் குண்டு உடலுக்குள் விரியாமல் ஊசி மாதிரி துளைத்து மறுபக்கம் போய்விடும். பன்றி ஓடிப்போய் எங்கோ சாகும்; குண்டோ நிற்காமல் போகும். மேல்நோக்கிச் சாய்த்துச் சுட்ட ரைபிள் குண்டு 4 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் ஊர், சாலை, பம்புசெட்டில் படுத்திருக்கும் ஆள். மூக்கில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டுதான் வேண்டும். பரணில் ஏறி, கீழ்நோக்கி, பின்னால் மண் இருக்கும்படிதான் சுடவேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

உரிமத்தில் ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று வரம்பு உண்டு. வனத்துறையிலும் பயிற்சித் தோட்டா தாராளமாகக் கிடைக்கப்போவதில்லை. அதற்கும் வழி இருக்கிறது. 20 ஜூலுக்கு உட்பட்ட .177 ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. பத்து மீட்டரில் அதை வைத்துக்கொண்டு தினமும் விசை பழகுபவரின் சிதறல், மேலே சொன்ன அந்த 12, நிச்சயமாகக் குறையும்.

எனவே இந்த வேலைக்கு ரைபிள் வாங்கப்போகும் அதிகாரிகளிடமும், வீட்டில் இருக்கும் பழைய .315-ஐத் தூசி தட்டி எடுக்கும் உரிமக்காரர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மழைநாள் ரைபிளைத் திறந்த அலமாரியில் வையுங்கள். மூன்றாம் நாள் வயலில் சுடப்போகும் அதே தோட்டாவை, வயலில் சுடப்போகும் அதே ஆளிடம் கொடுத்து, 100 மீட்டரில் ஒரே தாளில் பத்து வெடி சுடச் சொல்லுங்கள். பத்து ஓட்டையும் 15 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் இருந்தால் அந்த ரைபிளும் அந்த ஆளும் போகட்டும். ஒரு ஓட்டை வெளியே போயிருந்தாலும் அவரை அன்றிரவு பரணில் ஏற்றாதீர்கள்.